முகம் பார்த்து நடத்திய பாடம்

பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாணவர்களைப் பார்த்துப் பாடம் நடத்துகிறார்கள் என்றொரு மூடநம்பிக்கை நாட்டில் நிலவுகிறது. உண்மையின் நலன் கருதி இதை மறுக்கிறேன். நாங்கள் வகுப்பின் பின்சுவரைப் பார்த்து நடத்துகிறோம். சாக்பீஸ் தூசியில் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

பயிற்சி

உணர்வுசார் நுண்ணறிவுப் பயிற்சி என்று எங்களை ஒருநாள் ஏ.சி. அறையில் அடைத்தார்கள். "மாணவர் முகத்தைப் படியுங்கள், தன்னம்பிக்கை தானாக வரும்" என்றார் பயிற்றுநர். அந்த வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் என் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். முதுகலைப் பொருளாதாரத் தாள் என்னிடம் நிலைக்குமா, பறிபோகுமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஆகவே படித்துவிடுவது என்று தீர்மானித்தேன். பக்கத்திலிருந்த ரேவதி மேடம் தாழ்ந்த குரலில் எச்சரித்தார்: "வேணாம் சார். அதுங்க மூஞ்சியப் பாத்தா நமக்கு வந்த பாடமும் மறந்துடும்."

இரண்டாம் வரிசை

தேவைக் கோட்டைப் பலகையில் வரைந்ததும் ஒரு பெண்ணின் முகம் வாடியது. மறுபடி விளக்கினேன், இன்னும் வாடியது. மாம்பழத்தை விட்டுப் பட்டுச் சேலைக்கு உதாரணத்தை மாற்றினேன், கண்ணே கலங்கிவிட்டது. எந்த இடம் புரியவில்லை என்று உருக்கமாகக் கேட்டேன்.

"மொதல்லியே புரிஞ்சிடுச்சி சார். நான் வூட்டுக்குப் போவ வேண்டிய செவிலிமேடு பஸ்ஸு போவுது, ஜன்னல்ல அதத்தான் பாத்துக்கினு இருக்குறேன்."

தலையாட்டி

நொந்தவனுக்கு ஆறுதலாக வாய்த்தான் பிள்ளையார்பாளையத்துப் பையன் ஒருவன். என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டுவான். அவனை நம்பி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வியாழக்கிழமை, பாசம் மிகுந்து, நடத்தியதைச் சுருக்கிச் சொல்லுமாறு அவனையே எழுப்பினேன்.

"தறிச் சத்தத்துல அப்பா பேசறது ஒண்ணும் கேக்காது சார், சும்மா தலையாட்டிடுவேன். அதே பழக்கம் வந்துடுச்சி."

வெள்ளிக்கிழமை

துறைத் தலைவர் கடைசி பெஞ்சில் அமர்ந்தார். முகத்தைப் படித்தேன்: கடுகடு. உதாரணத்தை மாற்றினேன், கடுகடுப்பு மாறவில்லை. அந்தப் பகுதியையே விட்டு அடுத்ததற்குத் தாவினேன். மணி அடித்தபோது நான்கு பாடங்களைத் தொடங்கி, ஒன்றையும் முடிக்காமல், வகுப்பிடம் மன்னிப்பும் கேட்டிருந்தேன். வராந்தாவில் அவர் என் தோளில் கை வைத்தார்.

"நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு, ஏன் சார் பாதி பாதியில விட்டீங்க? என் மூஞ்சியே இப்படித்தான். பொண்ணு பாக்கப் போன எடத்துலயே கேட்டாங்க, மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லியான்னு."

முகங்களைப் படிக்காதவரைதான் ஒருவர் பேராசிரியர். படிக்கத் தொடங்கிவிட்டால் அவரும் முதலாண்டு மாணவர்தான்.

திங்கட்கிழமை முதல் முதுகலைத் தாளை ரேவதி மேடம் நடத்துகிறார்.