உப்புப் போட்ட ஐஸ்

அந்த மருந்தை நான் கெடுக்காமல் இருந்திருந்தால் அக்காவின் விரல்கள் இன்று நேராக இருந்திருக்குமா? இத்தனை வருடங்களாகியும் விடை தெரியவில்லை. கேள்வி வரும்போதெல்லாம் மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்று கண்முன் வந்து நிற்கிறது.

சமாதான காலம், கொழும்புக்குப் போகும் பாதை திறந்திருந்தது. தண்ணீரூற்று என்ற எங்கள் ஊரில் அக்கா சிறுபிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். சோரியாசிஸ் என்ற தோல் நோய் முழங்கையில் செதிலாகத் தொடங்கி விரல் மூட்டுகளுக்குள் இறங்கியது. கரும்பலகையில் எழுதச் சோக்கட்டியைப் பிடிக்க முடியாமல் போனது. தொற்றாது என்று எவ்வளவு சொல்லியும், எங்கள் வீட்டுத் தேநீரை வாங்கிக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்த மாமாவின் ஏற்பாட்டில் கொழும்பு வைத்தியர் நான்கு ஊசிகள் அனுப்பினார். உடம்பு தன்னையே தாக்குவதை அடக்கும் புதுவகை உயிரியல் மருந்து, குளிரில் இருக்கவேண்டும். எங்களிடம் மின்சாரம் இல்லை. நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் மீன் வியாபாரியிடம் தினமும் காலையில் ஐஸ் வரும்.

"காலமை வரைக்கும் ஐஸ் கரையாதுதானே, காக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"இது ஊசியோ அறக்குளா மீனோ, தங்கச்சி? பயமெண்டா உப்பைத் தூவுங்க. மீனுக்கு நாங்க அப்பிடித்தான். கல்லு மாதிரி விறைக்கும்."

ஊசிகளை வைத்திருந்த றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸின்மேல் இரண்டு கைப்பிடி தூவினேன். காலையில் நான்கு ஊசிகளிலும் மருந்து கட்டியாகியிருந்தது. உறைந்தால் பாவிக்கக் கூடாது என்று வைத்தியர் ஊசிகளோடு அனுப்பிய கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. முதல்நாளே வாசித்திருந்தேன், ஐஸ் கரைந்துவிடும் என்ற பயத்தில் அது மனதில் நிற்கவில்லை. உள்ளங்கைக்குள் பொத்தி உருக்கினேன்.

"உறைய விடேல்லைத்தானே?" என்று கேட்டார் ஊசி போட வந்த தாதி.

"இல்லை மிஸ்."

"இவள் கோழி அடைகாக்கிற மாதிரியெல்லோ பாத்தவள், மிஸ்" என்றாள் அக்கா, பெருமையாக.

வாரம் ஒன்றாக நான்கும் ஏறின. ஒன்றும் மாறவில்லை. பிறகு பாதை பூட்டப்பட்டது. சண்டைக்குள் இடம்பெயர்ந்து நடந்தபோது தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க அக்கா என்னிடம்தான் நீட்டுவாள். ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுத்தேன். மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு நடந்தேன்.

இப்போது வவுனியாவில் இருக்கிறோம். அதே வகை ஊசியை இன்னும் முயன்று பார்க்கலாம், ஆனால் சிலருக்கு அது கேட்பதேயில்லை என்கிறார் வைத்தியர். அக்கா மறுக்கிறாள். "எனக்கு உது சரிவராது. ஒருக்கால் பாத்தாச்சுத்தானே." என் மகள் சீப்போடு போய், "பெரியம்மா, தலை பின்னிவிடுங்கோவன்" என்று நிற்கும்போது சிரித்துக்கொண்டே கைகளை மடிக்குள் மறைக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் ஊசிக்குச் சம்மதிக்கக்கூடும். பிறகு என் முகத்தில் விழிப்பாளா? றெஜிபோம் பெட்டிக்குப் பதிலாக இன்று வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. அதில் ஊசிக்கென்று ஒரு தட்டை ஒதுக்கி வைத்திருக்கிறேன், வெறுமையாகவே கிடக்கிறது. இப்படி ஒன்றை மறைத்து வைத்திருந்து பிறகு சொன்னவர்கள் உங்களில் யாராவது இருந்தால், எந்தச் சொல்லில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.