சூளைக்காரனின் குறட்டை

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சூளை எரித்துக்கொண்டிருந்தேன். பகல் ஷிப்ட். துளை வழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்துச் சூட்டைக் கூட்டிக் குறைக்க வேண்டும். என்னால் முடியவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். ஒருநாள் கண் விழித்தபோது சூடு மிஞ்சிவிட்டது. சூளையிலிருந்த ஜாடிகள் எல்லாம் கோணலாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

குடித்துவிட்டு வந்ததாக சூப்பர்வைசர் எழுதிவிட்டார். நான் சாராயத்தைத் தொட்டதே இல்லை. கத்தினேன். கத்தியதற்கும் சேர்த்து சஸ்பெண்ட் செய்தார்கள். இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூங்குகிறவனுக்குப் பகலில் என்ன தூக்கம் என்று என் மனைவியே கேட்டாள்.

லேபர் ஆபீசில் மனு கொடுக்கக் கடலூர் பாசஞ்சரில் ஏறினேன். நெய்வேலி வருவதற்குள் தூங்கிப்போனேன். எதிரில் இருந்த ஒரு பெண்மணி தோளைப் பிடித்து உலுக்கினார். குறட்டை பிடிக்காமல் எழுப்புகிறார் என்று நினைத்து, வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவர் அசரவில்லை. "நான் நர்ஸுங்க. திட்டறத அப்பறம் திட்டுங்க. தூங்கறப்ப உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. வாட்ச்சு வச்சிப் பாத்துட்டுதான் எழுப்பினேன்."

பெட்டியே பார்த்தது. கடலூரில் இறங்கி, அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தொண்டையில் இருபுறமும் டான்சில் நெல்லிக்காய் அளவு வீங்கியிருந்தது. தூங்கும்போது வழி அடைத்து மூச்சு நிற்கிறது, உடம்பு பதறி எழுப்புகிறது, இரவு முழுக்க இதே கதை என்றார் டாக்டர். இன்று ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். அன்று யாரும் பெயர் சொல்லவில்லை.

டான்சிலை எடுத்தார்கள். உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள், மல்லாந்து படுக்காதே என்றார்கள். மனைவி என் பனியன் முதுகில் ஒரு பை தைத்து, மண் அரைக்கும் மில்லில் போடும் உருண்டைக் கல்லை அதில் வைத்தாள். மல்லாந்தால் குத்தும். கொஞ்ச நாளில் பகல் தூக்கம் ஒழிந்தது.

டாக்டரின் கடிதத்தை நீட்டி, அதே சூளையைக் கேட்டு வாங்கினேன். சூப்பர்வைசருக்கு நம்பிக்கை இல்லை. என்னைக் காவல் காக்க நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தலை தொங்கியது. சூளை ஆட்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். மெதுவாகத் தட்டி எழுப்பினேன்.

"சூளைய நான் பாத்துக்கறேன். நீங்க வூட்டுக்குப் போயித் தூங்குங்க சார்."

சூளை ஆறியபின் இறக்கிய ஜாடிகளில் ஒன்றுகூடக் கோணல் இல்லை. அதன்பின் அவர் நாற்காலி போடவில்லை.

அந்த நர்ஸிடம் மட்டும் நான் மன்னிப்பே கேட்கவில்லை. இன்றும் பஸ்ஸில் யாராவது குறட்டை விட்டால் சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்காமல் அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.