வரைபடத்தை மூடிய கை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கோப்பை கழுவத் தொடங்கி இரண்டு உணவகங்களுக்கு முதலாளியானேன். மூன்றாவதற்கு இடம் பார்க்க, சுவிஸ் மலைப்பக்கமான எங்கடினுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். புதுக் கடைக்கு வருவதானால் கிழமைக்கு ஒரு நாள் லீவை எழுத்தில் தரவேண்டும் என்று என் சமையல்காரர் பிடிவாதமாக நின்றார். பழைய கடையில் பத்து வருசமாக அவர் அதைக் கேட்டதேயில்லை.

எதிர் இருக்கையில் இங்கேயே பிறந்த தமிழர் ஒருவர். வட்டக் கண்ணாடி, ஒழுங்காக வெட்டிய தாடி. நான் பார்க்கும்போதெல்லாம் மடியிலிருந்த வரைபடத்தை உள்ளங்கையால் மூடினார். ஆட்களை எடைபோடுவதில் என்னை வெல்ல ஆளில்லை. லீவு விசயத்தில் என்னை வேவு பார்க்க வந்த தொழிலாளர் அலுவலகத்து ஆள் என்று முடிவுகட்டினேன்.

“என்ன தம்பி, காணி பாக்கிறியளோ?”

“இல்லை ஐயா, நான் சரித்திர வாத்தியார். இது சோதனைக் கேள்வி, மறைச்சே பழகீட்டுது. பழைய அமெரிக்கா. தெற்கிலை அடிமை வைச்சிருந்தவை. மேற்கிலை புதுக் காணி சேரச் சேர, அங்கையும் வைக்கலாமோ எண்டு வடக்குக்கும் தெற்குக்கும் பகை முத்திச்சு.”

“அவ்வளவு காணி கிடக்க ஏன் சண்டை?”

“காணி கிடைச்சதாலைதான் ஐயா. பழைய இடத்திலை கண்டும் காணாமல் விட்டதைப் புது இடத்திலை ஓமோ இல்லையோ எண்டு எழுத வேண்டி வந்திட்டுது.”

எனக்குச் சுருக்கென்றது. இறங்கியதும் சமையல்காரருக்கு ஃபோன் எடுத்தேன்.

“உமக்கு வாத்தியார் ஆரையும் தெரியுமோ?”

“இல்லை அண்ணை. ஏன்?”

லீவை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அந்த மனிதர் அன்றைக்கு என் எதிரே வந்து இருந்தது தற்செயல் என்று என்னை நம்பவைக்க ஒருவராலும் முடியாது.