கண்டிக்குக் கொண்டுபோன கடல்

கடற்கரையில் பிறந்து, ஐம்பது வருடத்துக்கு மேல் கடற்காற்றில் உலர்ந்தும், கடல் எது என்று தெரியாத முட்டாள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. இல்லாவிட்டாலும் இரண்டு பந்தி தாண்டுவதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். மூதூரிலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் கருவாடு கொண்டுபோவார்கள், கணவாய் கொண்டுபோவார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். இருபது லீற்றர் கேன் நான்கு.

கேட்டது புனிதா. கலஹாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பேராதனையில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கி, அரசாங்க வேலைக்குக் காத்திருந்து அலுத்து, கட்டுகஸ்தோட்டையில் என் தங்கை புருஷன் நசீரின் ஹார்ட்வெயார் கடைப் பின்னறையில் இறால் குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தாள். ஆற்று இறால் பெரிதானால் நல்ல தண்ணீரில் வாழும்; ஆனால் அதன் குடம்பிக்கு, அதாவது முட்டையிலிருந்து வந்த பொடிக்குஞ்சுக்கு, உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். கண்டியில் மாளிகை உண்டு, வாவி உண்டு, வாகன நெரிசல் தாராளமாக உண்டு. உப்புத் தண்ணீர்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தெல்தெனியப் பக்கத்து மீன்பிடிக்காரர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. குஞ்சு உயிரோடு இருந்தால் நீர்த்தேக்கத்தில் விடுவதற்குத் தொடர்ந்து வாங்குவார்கள். இல்லாவிட்டால் பின்னறை சீமெந்து மூட்டைகளுக்குப் போய்விடும். முன்பு இரண்டு தடவை குஞ்சுகள் செத்துப்போனதால், இதுதான் கடைசி என்று நசீர் சொல்லிவிட்டான். குஞ்சுகளுக்கு அடிக்கடி தீன் போடவேண்டும். அவள் அவற்றை விட்டு நகர முடியாது. ஆகவே என்னைப் பிடித்தார்கள்.

தொலைபேசியில் புனிதா விவரமாகத்தான் சொன்னாள். "அண்ணே, மழ விடாம பேஞ்சிருக்கு. ஆத்துத் தண்ணி கடலுக்கு மேல பாய் விரிச்ச மாதிரி கெடக்கும். அது முடியிற எடத்துல நொரையும் குப்பையும் கோடு போட்டு மெதக்கும். அந்தக் கோட்டத் தாண்டிப் போயி அள்ளுங்க."

நான் சிரித்துக்கொண்டேன். தேயிலைக்குள் வளர்ந்த பிள்ளை மூதூர்க்காரனுக்குக் கடல் காட்டுகிறாள்.

வியாழக்கிழமை விடியற்காலை. மார்கழி மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் படகுக்காரன், காற்று சரியில்லை, நாளைக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் அன்றிரவு எனக்காகத் தங்கை, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து வட்டிலப்பம் அவிப்பதாகச் சொல்லியிருந்தாள். வட்டிலப்பத்துக்கும் அறிவுக்கும் போட்டி வந்தால் என் உடம்பில் எது ஜெயிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஓட்டோ நேரே கரைவரை போகக்கூடிய ஒரு இடத்தில் இறங்கினேன். மகாவலி கடலில் விழுகிற வாய் அங்கிருந்து கூப்பிடு தூரம். தண்ணீர் கொஞ்சம் கலங்கல்தான். ஆனால் அலை வந்து இடுப்புச் சாரத்தை முழங்கால்வரை நனைத்தது. அலை அடித்தால் கடல்தானே? கேன் நான்கையும் நிரப்பினேன். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கடலை ருசி பார்க்கிறவன் சுற்றுலாக்காரன், ஊர்க்காரன் பார்ப்பானா?

திருகோணமலைக்கு வந்து பஸ் ஏறினேன். அங்கிருந்து கண்டி நூற்றெண்பது கிலோமீற்றர் சொச்சம். டிக்கட் அறுநூற்றுச் சொச்சம். கேன்களுக்கு இன்னொரு ஆள் கணக்கு. பின்சீற்றுக்கு அருகில் அடுக்கிவிட்டு, மாப்பிள்ளை வீட்டுச் சீர்வரிசைக்குக் காவல் இருப்பவன்போல உட்கார்ந்தேன். ஹபரணை தாண்டி ஒரு குழியில் பஸ் விழுந்து எழும்பியதில் ஒரு மூடி கசிந்தது. கண்டக்டர் வந்தான். மாத்தளைச் சிங்களவன். கசிப்புச் சாராயம் கடத்துகிறேனோ என்று சந்தேகம். விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, கடல் தண்ணீர் என்கிறீர்கள், உப்பே இல்லையே என்றான்.

மலைநாட்டானுக்கு எப்படிப் புரியவைப்பது? எங்கள் கடல் பதமான கடல், சமையலுக்குப் போடுவதுபோல அளவாகத்தான் உப்பு இருக்கும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு முன்னால் போனான். அதற்குப் பிறகு என் பக்கமே வரவில்லை. தம்புள்ளையில் எண்பது ரூபாய்க்குப் பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடித்தபோது, கடலைப் பற்றி ஒருவனுக்குக் கற்பித்த திருப்தி எனக்கு இருந்தது.

மாத்தளை தாண்டியதும் குளிர் சட்டைக்குள் வந்தது. அக்குறணையில் கடைகளுக்கு நடுவே பஸ் நத்தையாக ஊர்ந்தது. நாலு மணிபோல கட்டுகஸ்தோட்டை. பாலத்தின் கீழே மகாவலி முட்டமுட்ட, பிளேன்ரீயில் பால் விட்ட நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம்மூர்க் கடல் நிறமாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

பின்னறையில் மூன்று நீலத் தொட்டிகள். காற்றுக் குழாய்கள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. புனிதா ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளி ஜன்னலுக்கு எதிரே பிடித்துக் காட்டினாள். கண்ணிமை மயிர் அளவில் நூற்றுக்கணக்கான உயிர்கள். தலைகீழாக, வால் முன்னே போக நீந்தின. எங்கள் பிரதேச சபை மாதிரி என்றேன். சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தாய் இறால் முட்டையைச் சுமந்துகொண்டு ஆற்றோடு கடல்வாய்வரை இறங்குமாம். பொரித்த குஞ்சுக்குத் திசை பிடித்துப் போகிற பலம் கிடையாது. மேலே ஏறவும் கீழே இறங்கவும் மட்டும் முடியும். மற்றதெல்லாம் தண்ணீர் வைத்த சட்டம். வெள்ளம் பெருகினால் குஞ்சு வெளியே தள்ளப்படும். மேல்தண்ணீரில் உப்புக் குறைந்தால் கீழே இறங்கும். கீழே கரைப்பக்கம் ஓடுகிற உப்புத் தண்ணீர் திரும்ப ஆற்றுவாய்க்குக் கொண்டுவரும். ஒரே நாளில் பொரித்தவையில் ஒரு பங்கு ஒரு கழிமுகத்தில் கொத்தாக நிற்கும். பக்கத்துக் கரையில் ஒன்றுகூட இராது. காரணம் குஞ்சு அல்ல, தண்ணீர். வளர்ந்ததும் ஆற்றில் ஏறவேண்டும். ஏறுகிற வழியில் அணைக்கட்டுகள். அதனால்தான் கண்டிக்கு இறால் தானாக வராது, ஒருத்தி வளர்த்துத்தான் விடவேண்டும்.

தொட்டித் தண்ணீர் பழுதாகிவிட்டது, இன்றைக்கே மாற்றவேண்டும், என் தண்ணீர் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நல்ல தண்ணீர் கலந்தால் கணக்குச் சரி என்றாள். சின்னத் தொலைநோக்கி மாதிரி, உப்பு அளக்கும் ஒரு கருவியை எடுத்து, என் கேனிலிருந்து ஒரு சொட்டு விட்டு, கண்ணில் வைத்தாள். துடைத்துவிட்டு இரண்டாவது கேன். மூன்றாவது. நான்காவது.

"எங்க அள்ளுனீங்க?"

"கடல்லதான்."

"ஆத்து வாய்லயா?"

"வாய்க்குக் கொஞ்சம் கிட்ட."

கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்தாள். "இது மகாவலிண்ணே. நம்ம பாலத்துக்குக் கீழ போன தண்ணி."

நசீர் பெரிதாகச் சிரித்தான். "டிக்கட் போட்டு எங்கட ஆத்த எங்களுக்கே கொணந்தீக்கிறீங்க மச்சான்!" வேறு யாரும் சிரிக்காததால் அவனும் நிறுத்திக்கொண்டான்.

கடையில் உப்பு வாங்கிப் போடலாமே என்று கேட்டேன். கறியுப்பு மட்டும் போதாது, கடலில் வேறு பலதும் கரைந்திருக்கிறது என்றாள். கொழும்பில் மீன்தொட்டிக் கடைகளில் கடலுப்புப் பக்கெட் உண்டாம். நசீர் பல இடங்களுக்குப் போனில் கோல் எடுத்தான். சனிக்கிழமைக்கு முன் அனுப்ப ஒருவரும் இல்லை. அவள் பழைய தண்ணீரையே வடித்து வடித்து விட்டுக்கொண்டிருந்தாள். நான் மாடிக்குப் போனேன். வட்டிலப்பம் அருமையாக இருந்தது. இரண்டு கோப்பை சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் குமிழிகள் வந்துகொண்டுதான் இருந்தன. தொட்டி அடியில் செத்த குஞ்சுகள் மாவைச் சலித்துக் கொட்டிய மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தன. புனிதா ஒரு குழாயால் அவற்றை உறிஞ்சி முற்றத்துச் சாக்கடைக் கானுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். கடலிலும் எத்தனையோ குஞ்சு தப்பான தண்ணீரில் மாட்டிச் சாகத்தானே செய்யும் என்றேன். ஆறுதல் சொல்வதில் எனக்கு எப்போதும் கைராசி.

அவள் நிமிரவில்லை. "கடல்ல மேல நல்ல தண்ணி வந்தா கீழ எறங்கிக்கலாம். இங்க எறங்க எடமில்ல."

மத்தியானத்துக்குள் தெல்தெனியக்காரர்களுக்கு, வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த நசீர், மழையில் சீமெந்து நனைகிறது, நான் என்ன செய்ய என்று என்னிடம் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை. சாயந்திரமே, சீமெந்தைப் பின்னறையில் இறக்க, வத்தேகமயிலிருந்து திரும்பிய லொறி பின்புறமாக வந்து நின்றது. அவளே தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். கொழும்பில் ஒரு சித்தி இருக்கிறாராம். திங்கட்கிழமை அங்கே ஒரு புடவைக்கடையில் சேரப்போகிறாள்.

சனிக்கிழமை காலையில் கேன்களைப் பாலத்துக்குக் கொண்டுபோய், நான்கையும் ஆற்றில் கவிழ்த்தேன். அந்தத் தண்ணீர் எனக்கு முன்னால் மூதூருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சேரும். அதற்கு டிக்கட்டும் வேண்டாம், வழி சொல்ல ஆளும் வேண்டாம். கண்டி வாவியைப் பார்க்கவேண்டும் என்று வந்திருந்தேன். புனிதாவோடு பேராதனைக்குப் போன பஸ்ஸின் ஜன்னலால் பார்த்தேன். தண்ணீராகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் கடல் வாசலில் கிடக்கிறது, அதற்கு நாங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இங்கே ஒருத்தி அதை நான்கு கேன் கேட்டாள்.

பேராதனையில் கலஹா பஸ் புறப்படத் தயாராக நின்றது. காற்றடிக்கும் மோட்டார் இருந்த பெட்டியைப் பாவவிமோசனமாக நானே சுமந்து வந்திருந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பெட்டியை மடியில் வைத்தேன். ஏதாவது சொல்லாமல் என் வாய் சும்மா இருக்காது. "அடுத்த தடவ படகுல ஏறி, அந்த நுரைக் கோட்டையும் தாண்டி, நடுக்கடல்லயே அள்ளிட்டு வாறன் தங்கச்சி. ருசி பாத்துத்தான் மூடி போடுவன்."

பெட்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த தடவ இல்லண்ணே."