பீங்கான் தட்டு

நானும் என் மனைவியின் அண்ணனும் சவூதியில், தம்மாமில் ஒரே கம்பெனியில் இன்ஜினியர்கள். பல வருடங்கள் ஒரே அறையில் கிடந்தோம். நாற்பத்தைந்து வயதில் மச்சான் வேலையை உதறிவிட்டு மரக்காணத்துக்கே திரும்பி, உப்பளத்தில் பாத்தி குத்தகைக்கு எடுத்தார். ஊரே சிரித்தது. நானும்தான். எண்பதுகளின் கடைசியில் லீவில் வந்தபோது, அவரைப் பார்த்துப் பரிதாபப்படத் தயாராகவே போனேன்.

வாசலிலேயே சத்தம் கேட்டது. சேற்றுக்காலோடு வீட்டுக்குள் நுழைந்த மச்சானை அவர் மனைவி விளாசிக்கொண்டிருந்தார்.

“காலக் கழுவிட்டு உள்ள வாங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? சவூதில ஆபீசரா இருந்த மனுசனா இது?”

மச்சான் இளித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

என் வீட்டில் என்னை யாரும் திட்டுவதில்லை. நான் வாங்கி வந்த தங்க விளிம்பு வைத்த பீங்கான் தட்டு, நான் லீவில் வந்தால் மட்டும் அலமாரியை விட்டு இறங்கும். எனக்கு அதில் சோறு; மற்றவர்களுக்கு எவர்சில்வர் தட்டு. நான் உள்ளே நுழைந்தால் மகள் டேப்ரிக்கார்டரை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பாள்.

திட்டு வாங்காமல் விடுவதில்லை என்று மறுநாள் மீன் வாங்கப் போனேன். செவுள் வெளுத்து, கெட்டுப்போன சங்கரா மீனாகப் பார்த்து வாங்கிவந்தேன். மனைவி பையைத் திறந்து பார்த்தாள்.

“பரவால்லங்க. வெயில்ல போய்ட்டு வந்திருக்கீங்க, ஜூஸ் போடட்டுமா?”

மீன் பூனைக்குப் போனது. இதையே மச்சான் வாங்கி வந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் தெருவே கூடியிருக்கும். கொடுத்து வைத்த மனுஷன்!

லீவு முடியும் நேரம். கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். எனக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

“நான் இனிமே போகல. மச்சான் மாதிரி இங்கயே இருந்துடறேன்.”

கையிலிருந்த சட்டையைப் பெட்டிக்குள் வீசினாள்.

“புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? எங்க அண்ணன் ஆடுற கூத்து போதாதா? பொண்ணுக்கு நிக்காஹ் யாரு பண்றது? மாடி பாதில நிக்குதே, அத யாரு முடிக்கிறது?”

தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். இத்தனை வருடத்தில் அவள் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. மச்சான் வாங்கியதற்குக் கொஞ்சமும் குறைச்சலில்லை. ஆனால் அவருக்கு விழுந்த திட்டில் ‘உள்ள வாங்க’ என்றாவது இருந்தது. எனக்கு அன்றைக்கும் பீங்கான் தட்டில்தான் சோறு.