மூணு பட்டைச் செப்பிலி

கடலைக் கண்ணால் பார்க்காமலே நாலு வருஷம் மீன் விற்றவன் நான். பதுளையில் அப்படி இன்னொரு ஆளைக் காட்டட்டும் பார்க்கலாம். தேயிலைத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் பிறந்து, மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கடைத்தெருவில் சொந்தமாக மீன் பலகை போட்டவன்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். கொழும்பு மீன்காரர் அனுப்பும் பெட்டியை, ஐஸும் மரத்தூளுமாக, அங்கிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி வருவேன். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை பங்களா ஒன்றுக்கு வாராவாரம் ஒரு பெரிய செப்பிலி போகும். கடற்கரைக்காரர்கள் அப்படிச் சொல்லும் சிவந்த மீன் அது. எனக்கு அடையாளம் சிவப்பு ஒன்றுதான்.

ஒரு வாரம் பெட்டியில் பெரிய மீன் இல்லை. முழங்கை நீளத்தில் நாலு, ஒவ்வொன்றிலும் மூணு கரும்பட்டை. ‘இதுவும் செப்பிலிதான், குட்டி’ என்று ஒரு துண்டுச்சீட்டு. கொண்டுபோனேன்.

பங்களாச் சமையல்காரர் என்னைவிட மூத்தவர். வாய் கொஞ்சம் நீளம்.

“என்னடா இது, மீனா கம்பளியா? பட்டை போட்டிருக்கு!”

“செப்பிலிக் குட்டிண்ணே. வளர வளர பட்டை மறைஞ்சிரும்.”

“ஆமா, புலிக்குட்டி வளந்தா பூனையாயிரும். யாருகிட்ட கதை விடுற? தொர காதுக்குப் போச்சுன்னா தோட்டத்துக்குள்ள நீ காலு வைக்க முடியாது.”

வெறும் மிரட்டல் இல்லை. துரை சம்மதிக்காமல் வெளியாள் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. ஒரு பங்களா வாசல் அடைபட்டால் அக்கம்பக்கத்து வாசல்களும் அடைபடும். என் பிழைப்பே அந்த வாசல்கள்தான்.

“அடுத்த வாரம் குட்டியிலிருந்து கிழடு வரைக்கும் வரிசையா வச்சுக் காட்டுறேன். காட்டலேன்னா நானே வரமாட்டேன்!” என்று மார் தட்டிவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்ததோ அந்தத் துண்டுச்சீட்டு மட்டும்தான்.

குட்டி முதல் கிழடு வரை அனுப்பச் சொல்லி, எழுத்துக்கூட்டி நானே கொழும்புக்குக் கடுதாசி போட்டேன். அந்த வாரம் உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை. வயசு தெரியுமோ என்று பலகைக்கு வந்த மீனின் வாயையெல்லாம் பிளந்து பார்த்தேன். “மீன் வாயில என்னத்தத் தொலைச்சீங்க?” என்றாள் வீட்டுக்காரி.

பெட்டி வரும் நாளில் மழை, பாதையில் மண் சரிவு. ரயில் ரொம்ப நேரம் வரவில்லை. ஐஸ் கரையுமே என்று ஸ்டேஷனில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். வந்ததும் அங்கேயே பெட்டியை உடைத்தேன்.

அஞ்சு மீன். கூடவே சீட்டு: குஞ்சுகள் முள்ளுப் பந்து போன்ற ஒரு கடல் பிராணியின் முள்ளுக்குள் ஒளியுமாம், முள்ளோடு பட்டையும் கலந்துவிடுவதால், தின்ன வரும் பெரிய மீனின் கண்ணில் படாதாம். மீன்களை எடுத்துப் பார்த்தேன். முதலாவது உள்ளங்கை அளவுக் குஞ்சு, அதற்குப் பட்டை கறுப்பு. அடுத்ததுக்குக் கருஞ்சிவப்பு. மூணாவதுக்கு மங்கல். நாலாவதைச் சாய்த்துப் பிடித்தால்தான் நிழல்போலத் தெரிந்தது. வயிற்றைக் கீறினேன்: சின்னதுகளில் ஒன்றுமில்லை, நாலாவதில் சினை, வளர்ந்த மீன்தான். சொன்னது பலித்தது!

அஞ்சாவதை எடுத்தேன். நான் வழக்கமாக விற்கும் அதே பெரிய சிவப்பு. மற்ற நாலுக்கும் முதுகு திமில்போல உயர்ந்து, வால் பக்கத்து அடித்துடுப்பான அடிச்செட்டை கூராக இருந்தது. இதற்கு முதுகு தாழ்வு, செட்டை உருண்டை. இது செப்பிலியே இல்லை. கொழும்புக்காரரும் என்னைப்போலச் சிவப்பைத்தான் பார்த்திருக்கிறார்.

அதை மரத்தூளுக்கடியில் தள்ளிவிட்டுப் போனேன்.

பங்களாக் குசினியில் அடுப்பருகே நாலையும் வரிசையாக வைத்தேன். சமையல்காரர் பட்டையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. “சரிதான்டா” என்றவர், என்ன நினைத்தாரோ, பெட்டிக்குள் கையை விட்டு அஞ்சாவதை வெளியே இழுத்தார்.

“இது யாரு?”

இதுதான் கிழடு என்று சொல்லியிருக்கலாம். அதன் செட்டையை விரித்துக் காட்டினேன்.

“அது வேற சாதிண்ணே. அடிச்செட்டை உருண்டையா இருக்கு பாருங்க.”

“அப்ப நாலு வருசமா நீ குடுத்தது?”

“அதுதாண்ணே.”

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. துரை வருகிறாரா என்று அவர் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு அந்த அஞ்சாவதையே பலகையில் போட்டுச் செதில் சீவத் தொடங்கினார்.

“நாலு வருசமா தொர ருசிச்சுத் தின்னது இதைத்தான். செப்பிலின்னு சொல்லிப் பரிமாறினவன் நான். இனிமே ரெண்டையும் கொண்டா. வாயை மட்டும் வீட்டிலேயே வச்சிட்டு வா.”

வாசல் அடைபடவில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து, அடிச்செட்டையை விரித்துப் பார்க்காமல் ஒரு மீனையும் விற்க முடிவதில்லை. வீட்டில் தட்டில் விழும் பொரித்த மீனைக்கூட ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தின்கிறேன்.