ரஹீம் பாய் கடை ஆன்டிவைரஸ்

வைரஸ் புகுந்த கம்ப்யூட்டரை அரைமணியில் சரிசெய்துவிடலாம். அதன் எதிரே வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பவரைச் சரிசெய்யத்தான் நேரம் ஜாஸ்தி ஆகும். திடீரென்று சிவப்பாகும் திரையைப் பார்த்து அவசரமாக ஒயரைப் பிடுங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

பௌர்ணமியன்று ஊளை

ரஹீம் பாய் திருவண்ணாமலையில் வேட்டி, துண்டு வியாபாரம் செய்கிறார். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். போன முறை பேச்சு முடியும் முன்பே, கடையில் கூடவே இருக்கும் அவர் மச்சான் ஊரெல்லாம் சொல்லி, சம்பந்தம் கலைந்துபோனது. அதனால் இந்த முறை பரம ரகசியம்.

கடைக் கம்ப்யூட்டரில் வரன் பார்க்கும் தளத்தைத் திறந்திருக்கிறார். கூடவே ஒரு விளம்பரமும் திறந்துகொள்ள, ஆன்டிவைரஸ் ஸ்பீக்கரில் ஊளையிட்டது. கடை நிறைய கிரிவலக் கூட்டம். அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள், மச்சான் உட்பட. பாய் சட்டென்று திரையை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் எனக்குப் போன் போட்டார். வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டரில் ஓடினேன். கெட்ட விளம்பரத்தைத்தான் தடுத்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.

"தடுத்தது சரிம்மா. அதுக்கு ஊரைக் கூட்டணுமா?"

வேட்டி மறைப்பு

சத்தத்தை நிறுத்திவிட்டு வந்தேன். அடுத்த வாரம் மச்சான் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, 'இந்த வாரம் நாங்கள் பாதுகாத்த தளங்கள்' என்று அதே ஆன்டிவைரஸ் பட்டியல் விரித்தது. முதல் வரியே வரன் தளம். மச்சான் கண்ணாடியைத் தேடிய நேரத்துக்குள் பாய் ஒரு எட்டு முழ வேட்டியைத் திரைமேல் விரித்து, கஸ்டமருக்குக் கரை காட்டுவதுபோல் நின்றாராம். நான் போகும்வரை வேட்டியை எடுக்கவில்லை.

பட்டியலை நிறுத்தப் போனால், உள்ளே இன்னொரு டிக். நாம் போகும் தள முகவரிகளெல்லாம் ஆன்டிவைரஸ் கம்பெனிக்கும் போய்க்கொண்டிருந்தன. அந்த ஆன்டிவைரஸைப் போட்டுக்கொடுத்தவள் நான்தான், எல்லோரையும்போல நானும் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தியிருக்கிறேன். டிக்கை எடுத்தேன்.

"காவலுக்கு வச்ச ஆளு திருடனைப் பாக்கணும். என் பீரோவை ஏம்மா பாக்குறான்?"

வெளியே நில்

பத்து நாள் கழித்து மெஷின் நகரவே இல்லை. திரை முழுக்க விளம்பரம். முதல் வேலையாக நெட்டைத் துண்டித்தேன், உள்ளே பாய் மகளின் போட்டோ இருந்தது. நல்லவேளை, வந்தது வெறும் விளம்பரக் குப்பை. எதுவும் வெளியே போகவில்லை. பார்த்தால், வரன் பார்க்க உட்காரும்போதெல்லாம் பாய் ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருக்கிறார். ஆபத்தான இடத்தில் இறங்கும்போதா காவலை அனுப்புவது என்று கோபமாகவே கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"பொண்ணு விஷயம் பேசுறப்ப வெளி ஆளை வெளிய நிக்கச் சொல்றதுதானம்மா வழக்கம்?"

ஒரு பத்திரிகை பாக்கி

ஆரணி மாப்பிள்ளை அமைந்தார். எல்லாம் முடிவான பிறகுதான் பாய் வாயைத் திறந்தார். மச்சானோடு வந்து எனக்குப் பத்திரிகை வைத்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மச்சானுக்கு மட்டும் முகம் தொங்கியிருந்தது, தாய்மாமனுக்கே கடைசியில் சொன்னார்களாம். பாய் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"அந்த ஆன்டிவைரஸ் கம்பெனி அட்ரஸ் கிடைக்குமாம்மா? நம்ம எல்லாருக்கும் முன்னாடி விஷயம் தெரிஞ்சது அவங்களுக்குத்தான், ஒரு பத்திரிகை அனுப்பிடலாம்."

ஆகவே அன்பர்களே, ஆன்டிவைரஸ் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதையும் வீட்டில் ஒரு மச்சானாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.